முருகருக்கு இடம் பத்தாத சுவிட்ச்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை அப்படியே விட்டுவைக்க ஒரு தனி மனசு வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றினால் எனக்கு என்னவோ போலிருக்கும். கழற்றி மாட்டி, கொஞ்சம் சத்தம் வரவழைத்தால்தான் நிம்மதி. இந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள்.

அப்போது நான் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். (அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. என் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை.) அந்தத் திமிரில், வீட்டு போர் மோட்டாருக்குப் போனிலிருந்தே போடுகிற வைஃபை சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதன் கம்பெனி ஆப் பெரிய தொல்லை. நெட் போனால் தண்ணீரும் போய்விடும். அதனால் அதைத் துடைத்துவிட்டு, முகம் தெரியாத நல்லவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் மென்பொருளை ஏற்றினேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையாக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவிட்சுக்குள் இருக்கும் மெமரி ரொம்பச் சின்னது. நம் போனில் எடுக்கிற ஒரு போட்டோவைக்கூடத் தாங்காது. பழைய மென்பொருளும் புதுசும் ஒரே நேரத்தில் உள்ளே நிற்க முடியாது. அதனால் முதலில் குட்டியாக ஒன்றை ஏற்றி இடம் பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் பெரிதை ஏற்ற வேண்டும். "மொதல்ல சின்னது, அப்புறம் பெரிசு" என்று வீட்டில் எல்லோருக்கும் வகுப்பே எடுத்திருந்தேன். காதில் வாங்கிக்கொண்டவர் பாவா ஒருவர்தான்.

பாவா, அக்கா வீட்டுக்காரர். ஊர் நகரி. (கூப்பிடு தூரம்தான், ஆனால் மாநிலம் வேறு, மிடுக்கும் வேறு.)

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் கோயில் பொய்கைப் பக்கம் பாப்பாவை என் மடியில் வைத்து மொட்டை அடித்தாயிற்று. வேண்டுதல் என்று பாவாவும் அவர் பங்காளிகள் ஏழெட்டுப் பேரும் மொட்டை. குளிக்க அங்கே ஒரே கூட்டம். "நம்ம வூட்டுக்கு வாங்க, மோட்டார் தண்ணியில ஜம்முனு குளிக்கலாம்" என்று கூட்டிவந்தவன் நான்தான். குளித்து, சந்தனம் பூசி, ராகு காலம் வருவதற்குள் என் மடியில் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி! பாப்பா பிறந்த நாளிலிருந்து நான் ஏங்கிக் காத்திருந்த பதவி.

கொல்லையில் குழாயடியில் எல்லோரும் தலைக்கு சோப்பு போட்டாயிற்று. பாவா நுரைக்குள்ளிருந்து, "இன்னாமோ போன்லயே மோட்டார் போடுவியாமே மச்சான், காட்டு" என்றார்.

காட்டினேன். சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம், நடுவில் ஒரு பட்டன்.

"அவ்ளோதானா? இதுக்கா நகரி வரைக்கும் பீத்திக்கினு இருந்த?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாவாவை அசத்துவதற்கென்றே நான் ஒன்று தயாராக வைத்திருந்தேன். பட்டனுக்குப் பின்னால் வள்ளி தெய்வானையோடு முருகர், மயில், மலை, எல்லாம் பளபளவென்று. "ஒரு நிமிசம் பாவா" என்று மோட்டாரை நிறுத்திவிட்டுக் குட்டியை ஏற்றினேன். ஏறியது. முருகர் படம் சேர்த்த பெரிதை ஏற்றும்போது, இடம் நெருக்கடி என்று ஓர் எச்சரிக்கை வந்தது. முருகர் பார்த்துக்கொள்வார் என்று அழுத்திவிட்டேன்.

சுவிட்ச் 'டக்' என்றது. மோட்டார் ஓடி, குழாயில் ஒரு கை தண்ணீர் வந்தது. மறுபடி 'டக்'. நின்றது. 'டக்', ஒரு கை தண்ணீர். 'டக்', நின்றது. அவ்வளவு பெரிய படத்தை விரிக்க இடமில்லாமல் சுவிட்ச் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கை தண்ணீருக்கு ஏழெட்டு மொட்டைத் தலைகள் முட்டி மோதின.

"டேய், மோட்டார் எரிஞ்சிடப் போவுது, மெயினை ஆஃப் பண்ணுடா!" என்று அம்மா ஓடிவந்தார். பண்ணினேன். "இன்னாடா ஆச்சி?"

"முருகர் படம் பெரிசும்மா. உள்ள இடம் பத்தல."

"முருகருக்கு இடமில்லாத மிசினு திருத்தணியில எதுக்குடா?"

போனைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"வயரை நேரா குடுத்துத் தொலையேண்டா!" என்றாள் அக்கா. சுவிட்ச் பெட்டியைத் திறக்கப் போனேன். அசையவில்லை. யாரும் நோண்டக்கூடாது என்று நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டிய புண்ணியவான் நானே. மாடித் தொட்டியை விடிகாலையிலேயே காலி செய்திருந்தார்கள். நுரையோடு பொய்கையில் இறங்கினால் சாமி குத்தம் என்று அம்மா தடுத்துவிட்டார்.

"இன்னா நைனா, உன் ஒரு நிமிசம் இன்னும் முடியலியா?" பாவாவுக்குக் கண் எரிச்சல். "காது குத்துற ஆசாரி வந்து குந்திகினு கீறாரு. ராகு காலம் வர்றதுக்குள்ள உன் மடி ரெடியாவலன்னா, எங்க சித்தப்பா மவன் மடி கீது. சொல்லிட்டேன்."

அந்தச் சித்தப்பா மகன் நுரைக்குள்ளிருந்து பல்லைக் காட்டினான். பதறிய பதற்றத்தில் ஒரே ஓர் இடம்தான் ஞாபகம் வந்தது. அரக்கோணம் ரோட்டு முனையில், பாய் நடத்தும் டூவீலர் வாட்டர் சர்வீஸ்.

கிளம்பினோம். முன்னால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான், பின்னால் துண்டு கட்டிய நுரை மொட்டைகள் வரிசையாக. மலைக்குப் போகிற பக்தர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்து ஓர் அம்மாள் பாவாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பாவாவும் கண்ணை மூடியபடியே ஆசீர்வாதம் பண்ணினார்.

"வண்டி எங்க தம்பி?" என்றார் பாய்.

"வண்டி இல்ல பாய். இவங்கதான்."

பாய் மொட்டைகளை விரலால் எண்ணினார். "ஆங், வரிசையா நில்லுங்க. ப்ரெஷரைக் கொறச்சி வெக்கறேன். நான் ஜும்மா தொழுகைக்குப் போவணும்."

பாவா சுவரில் கை ஊன்றி நின்றார். பாய் குழாயைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே திரும்புங்க, காதுக்குப் பின்னாடி காமிங்க" என்று தொழில்சுத்தமாகக் கழுவினார். பெரியவர்கள் குளிரில் அலற, பாப்பா மட்டும் கைகொட்டிச் சிரித்தது.

திரும்பி வீட்டுக்குப் போக நேரமில்லை. அக்கா ஆசாரியை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பாய் கடை பெஞ்சில் உட்காரச் சித்தப்பா மகன் மெல்ல நகர்ந்தான். அக்கா ஓர் அதட்டல் போட்டாள். "தள்ளு. லூசா இருந்தாலும் என் தம்பிதான் குந்தணும்."

உட்கார்ந்தேன். என் ஈர மடியில் ஈரப் பாப்பா. ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் காதில் தங்கம் ஏறியது. பாப்பா ஒரு சிணுங்கலோடு நிறுத்திக்கொண்டது. நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. (இதை என் மனைவி படிக்கமாட்டாள் என்கிற தைரியம்.)

இப்போது எங்கள் மோட்டாருக்குப் பழைய கறுப்பு சுவிட்ச்தான். அதன் மேலே அம்மா முருகர் படம் ஒட்டியிருக்கிறார். தாராளமாக இடம் இருக்கிறது.

நகரிக்கு எப்போது சாப்பிடப் போனாலும் பாவாதான் எனக்குப் பரிமாறுவார். ஒரே ஒரு ஸ்பூன் சோற்றை இலையில் வைத்து, "மொதல்ல சின்னது மச்சான்" என்பார். நான் சாப்பிட்ட பிறகு, "அப்புறம் பெரிசு" என்று குண்டானையே கவிழ்ப்பார். பள்ளிக்கூடம் போகிற பாப்பா, காதில் ஜிமிக்கி ஆட என் மடியில் வந்து சாய்ந்துகொண்டு சொல்லும்:

"மாமா, முருகருக்குக் கொஞ்சம் இடம் வெச்சிகினு சாப்புடு."