கட்டில் நைனாவின் ஆட்சேபணை

எழுபதுகளில் உத்திரமேரூர்ப் பக்கம் மாடி வீடு யார் கட்டியிருந்தாலும் சரி, அதில் முதலில் படுத்தவர் வீட்டுக்காரர் இல்லை, கட்டில் நைனாதான். பஸ் கண்டக்டராயிருந்து ஓய்வு பெற்ற மனிதர். கிரகப்பிரவேசத்துக்கு ஊரே தேங்காய் பழத்தோடு வரும். இவர் கயிற்றுக் கட்டிலோடு வருவார்.

அப்போதெல்லாம் யாருக்காவது முடியாமல் போனால், படுத்த கட்டிலோடு தூக்கித்தான் வண்டியேற்றுவோம். எனவே நைனாவுக்கு ஒரே சட்டம்: ஆள் படுத்த கட்டில் மாடிப்படியில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது வீடே இல்லை. மேலே போய்த் தானே படுத்துக்கொள்வார். பந்திக்குக் காத்திருப்பவர்களைப் பிடித்துத் தூக்கச் சொல்வார். கட்டில் நகர்ந்தால் "ரைட், ரைட்!" சுவரில் இடித்தால், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி "ஓல்டான்!"

"நல்ல நாளும் அதுவுமா இன்னாய்யா இது அபசகுனம்?" என்று வீட்டுக்காரர் கத்துவார்.

"நோவு இன்னா நாள் பாத்தா வருது? படிய இடிச்சிட்டு அகலமா கட்டு" என்பார் நைனா, படுத்தபடியே. பிறகு இறங்கிப் பந்தியில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்பார்.

இந்தச் சமயத்தில் ரைஸ்மில் முதலாளி ஒருவர் பஜாரில் பிரசவ ஆஸ்பத்திரி கட்டினார். கீழே முழுக்க வாடகைக் கடைகள். வார்டு மாடியில். படிக்கட்டு, மிச்சமிருந்த மூலையில் ஒடுங்கி வளைந்து ஏறியது. நைனாவின் ஒரே மகள் சரோஜா அப்போது முழுகாமல் இருந்தாள். அவள் மாமியார் வீட்டில் அங்கேதான் பெயர் கொடுத்திருந்தார்கள்.

நைனா பிளான் பாஸ் பண்ணும் ஆபீசுக்கு ஓடினார். பல வீடுகளில் அவர் கட்டிலைத் தூக்கிய நானும் கூடப் போனேன்.

"பிளான் பாஸாயிடுச்சு பெரியவரே" என்றார் ஆபீசர்.

"அந்தப் பிளான்ல கட்டில் திரும்புதா சார்?"

"பிளான்ல கட்டிலே இல்லையே!"

"எடத்த வந்து பாத்தியா?"

"படி காட்டியிருக்காங்க. போதும், போங்க."

திறப்பு விழாவன்று நைனா கட்டிலோடு போய் மேலே படுத்துவிட்டார். தூக்கியவர்கள் வளைவு வரை கொண்டுவந்தார்கள். கட்டில் சிக்கிக்கொண்டது. மேலே மாலையோடு நின்ற முதலாளிக்கும் ஆபீசருக்கும் இறங்க வழியில்லை. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

"சிரிக்காதீங்கடா! எம்பொண்ணு இங்கதான் வரப்போறா" என்றார் நைனா. அதற்கும் சிரித்தார்கள். சம்பந்தியும்தான்.

சரோஜாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. உடனே காஞ்சிபுரம் கொண்டுபோகச் சொன்னார் டாக்டரம்மா. கார் வாசலில் தயாராக நின்றது. அதே வளைவு. கட்டிலைச் சாய்த்தோம், திருப்பினோம், மேலே இழுத்தோம். கடைசியில் போர்வையில் சுருட்டித்தான் அவளை இறக்க முடிந்தது. நைனா ஒரு கட்டில் காலைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

கார் காஞ்சிபுரத்துக்கு முன்னாலிருக்கும் ஓரிக்கையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளி பிறகு சுவரை இடித்துப் படியை அகலப்படுத்தினார். அந்தப் பிளானையும் அதே ஆபீசர்தான் பாஸ் பண்ணினார். பாவிகள்!

நைனா கட்டிலைப் பரணில் போட்டுவிட்டார். எந்தக் கிரகப்பிரவேசத்துக்கும் போவதில்லை. சில வருஷம் கழித்து நான் மாடி கட்டியபோது அழைக்கப் போனேன்.

"கட்டில எட்துக்கினு வாங்க நைனா."

"வேணாம்டா. நல்ல காரியம் பண்ற."

கிரகப்பிரவேசத்தன்று வெறுங்கையோடுதான் வந்தார். நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டு வந்து, என் மாடியில் போட்டுப் படுத்துக்கொண்டேன். "உங்களுக்குமா புத்தி கெட்டுப்போச்சு?" என்று என் மனைவி அழுதாள். நாலு பேர் தூக்கினார்கள். வளைவில் கட்டில் சுவரைத் தொடாமல் திரும்பியது.

கீழ்ப்படியில் நைனா நின்றிருந்தார்.

"ரைட்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் மாடியே கட்டினேன்.