அக்கரை மாத்திரை

இலவச மருந்து என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஒரு சத்தம்தான் கேட்கும். சிறுவயதில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கண்ணாடிப் புட்டியைக் குலுக்குகிற சத்தம். குலுக், குலுக், குலுக். மூன்று குலுக்கல், அதற்கு மேல் கிடையாது. புட்டியை வீட்டிலிருந்து நாம்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து. கொடுத்தவர் அதை வாக்குறுதி என்று சொல்லிக்கொண்டதில்லை. குடித்தவர்களும் கைதட்டியதில்லை.

அறுபது வருஷம் கழித்து அந்த மருந்து மேடையேறியது.

நாங்கள் இருப்பது பூவத்தில். காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு ஓரம். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஒரு முதலமைச்சர், இங்கே ஒரு முதலமைச்சர். ஆற்றில் பாதி வருஷம் தண்ணீர் இருக்காது. தேர்தல் வந்தால் மட்டும் இரண்டு கரையும் ததும்பும்.

அந்தத் தை மாதம் இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் தேர்தல் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு கட்சி சொன்னது: சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருக்கும் ஏழைகள் டாக்டர் சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் மருந்து இலவசம். வடக்குக் கரையில் வேறொரு கட்சி சொன்னது: அறுபது தாண்டிய எல்லாருக்கும், அட்டை எந்த நிறமானாலும், மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும்.

எங்களுடையது மஞ்சள் அட்டை.

என் கணவர் கோவிந்தராசு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. இனிமேல் 'இவர்' என்றே சொல்கிறேன். நாற்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். நாக்கு வேறு விதமாகப் புரளாது. இவருக்கு ரத்த அழுத்தம். தினம் காலையில் ஒரு மாத்திரை. எங்கள் சுவரை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் லத்தீபிடம்தான் வாங்குவார். வாங்க ஐந்து நிமிஷம், அரசியல் பேச இரண்டு மணி நேரம். நான் அடுக்களையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏன்யா லத்தீபு, மஞ்சள் அட்டைக்காரனுக்கு ரத்தம் மஞ்சளாவா ஓடுது?"

"என்னைக் கேட்டா? திட்டம் போட்ட கட்சியக் கேளுங்கண்ணே. அட்டையக் காட்டுவாங்க, நான் மருந்தக் கொடுக்கணும். சரி. காசு?"

"அரசாங்கம் கொடுக்கும்."

"எப்ப?"

"கொடுக்கும்யா."

"அதான் எப்ப? இந்த ஆட்சியிலயா, அடுத்த ஆட்சியிலயா?"

"உனக்கு ஏழைங்க மேல இரக்கம் இல்ல."

"இருக்கு. நானும் அதுல ஒருத்தனா ஆயிடக் கூடாதுன்னு பாக்குறேன். அப்புறம் இன்னொண்ணு. பட்டியல்ல என்ன மாத்திரை இருக்கும்னு தெரியுமா? நீங்க முழுங்குற கம்பெனி வராது. மருந்து அதேதான், பேரு வேற."

"எனக்கு இந்த நீல அட்டை மாத்திரைதான் கேக்கும்."

"அதுக்குக் காது வேற இருக்கா?"

இப்படிப் போகும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் பேச்சு முடியவில்லை.

ஒரு காலை அலமாரியைத் துடைக்கும்போது நீல அட்டை கையில் பட்டது. பதினைந்து மாத்திரை கொண்டது. பொங்கலுக்கு முதல் நாள் வாங்கியது. அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். ஏழு மிச்சம் இருந்தது.

"என்னங்க இது?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்குச் சொல்லணும்? நாலு மாசத்துல சும்மா வரப்போற சாமான். இப்ப எதுக்குக் காசு கொடுத்து முழுங்கணும்?"

"உடம்பு நாலு மாசம் காத்திருக்குமா?"

"இருக்கும். உன் சமையலைத் தாங்கின உடம்பு."

அன்று சாயங்காலம் லத்தீப் தன் கடைக் கருவியை இவர் கையில் கட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு. லத்தீப் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. கருவியைச் சுருட்டி உறைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இவருடைய அப்பாவும் மாத்திரையை அலட்சியம் செய்தவர்தான். ஒரு விடியற்காலையில் பல் துலக்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். மூன்று வருஷம் பேச்சில்லாமல் கிடந்தார். கஞ்சி ஊட்டியது நான். அவர் கண் மட்டும் எதையோ சொல்ல வரும். என்ன என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. விழுந்தபோது அவருக்கும் அறுபத்தெட்டு.

அழுது பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். இவருக்கு அது வசதியாக இருந்தது. இட்லிக்குள் மாத்திரையை ஒளித்துவைத்தேன். பிட்ட முதல் விள்ளலிலேயே கண்டுபிடித்து, சட்டினியைத் துடைத்து, "இதையும் பத்திரமா எடுத்து வை" என்று என்னிடமே கொடுத்தார்.

மறுவாரம் ஒரு சபதத்தோடு எழுந்தார்.

"செல்லம், முடிவு பண்ணிட்டேன். குடிபெயரப் போறேன்."

"எங்க?"

"தமிழ்நாட்டுக்கு."

ஏதோ ரங்கூனுக்குக் கப்பலேறுகிறவர் மாதிரி சொன்னார். பொறையாறு. ஐந்து கிலோமீட்டர். நான் பிறந்த வீடு. அங்கே என் தம்பி கலைவாணன் இருக்கிறான்.

வடக்கே இருந்து இங்கே வருகிறவர்கள் பெட்ரோலுக்கு வருவார்கள், பிராந்திக்கு வருவார்கள். மாத்திரைக்காகத் தெற்கே இருந்து வடக்கே போகத் துணிந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"பேரை மட்டும் அந்தப் பக்கத்து வாக்காளர் பட்டியலுக்கு மாத்திக்கறேன். இருக்கறது இங்கதான். மாத்திரை வந்தா உன் தம்பி பஸ்ஸுல கொடுத்து அனுப்பட்டும்."

எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. வந்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"விசாரிக்க ஆள் வருவாங்களே. வந்து ஆளைக் காட்டுன்னா தம்பி யாரைக் காட்டுவான்?"

"ம்."

"முப்பத்தொரு வருஷம் எழுத்தரா இருந்திருக்கீங்க. ஒரு பொய்க் கையெழுத்து போட்டதுண்டா? இந்த வயசுல ஒரு மாத்திரைக்காகப் போடணுமா?"

"அதானே."

"போறதுன்னா முறையா போங்க. தேர்தல் முடியுற வரைக்கும் அங்கயே இருங்க. நான் இங்க எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

கடைசி வாக்கியத்தில் குரலைக் கொஞ்சம் உடைத்தேன். இவர் உருகிவிட்டார். "நீ தைரியமா இருக்கணும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினார்.

அன்று மத்தியானம் அமுதத்துக்குப் போன் செய்தேன். அமுதம் என் தம்பி மனைவி. முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவள் அதட்டினால் ஊசியே தானாக ஏறும் என்பார்கள்.

"அனுப்புங்க அண்ணி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அவருக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா..."

"உப்பா? அப்படின்னா?" என்றாள் அமுதம்.

இங்கே இவருடைய ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் மாமனார் வீட்டில் இலையில் வைத்ததைச் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். உப்பில்லை, உறைப்பில்லை என்று வாய் திறக்கக் கூடாது. வைத்ததை மிச்சம் வைக்கவும் கூடாது. இந்தக் காலத்தில் யாரும் பார்ப்பதில்லை. இவர் பார்ப்பார். தலை தீபாவளிக்கு என் அம்மா குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். இவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் உதாரணம் சொல்வார். மாமனாரும் மாமியாரும் போய் இருபது வருஷமாகிறது. வீடு அதே வீடு. இவரும் அதே மாப்பிள்ளை.

நான்காம் நாள் போன் வந்தது. குரல் ரகசியமாக இருந்தது.

"செல்லம், இந்தப் பக்கம் உப்பு கிடைக்கறதில்லையா?"

"ஏங்க?"

"சாம்பார் சும்மா இருக்கு. ரசம் அதைவிடச் சும்மா இருக்கு."

"அமுதத்துக்கிட்ட கேளுங்களேன்."

"கேக்கறதா? நானா? இந்த வீட்டுல?"

"அதுவும் சரிதான்."

"அது போவட்டும். காலையில இட்லித் தட்டு வைக்கறா பாரு, அதுல இட்லி பக்கத்துலயே ஒரு மாத்திரையும் வைக்கறா."

"எந்த மாத்திரை?"

"நீல அட்டைதான். எங்கேந்து வாங்குறாங்கன்னே தெரியல."

வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தது நான்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க."

"தட்டுல வச்சிட்டாளே! வச்சதை எப்படி மிச்சம் வைக்கறது? நாப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பருக்கை வச்சதில்ல நான்."

"என்னதான் பண்ணுவீங்க பாவம்."

"முழுங்கித் தொலைச்சுட்டேன். தினம் ஒண்ணு போவுது செல்லம். சேமிப்பே இல்ல."

அதற்கு அடுத்த வாரம் தம்பி இவரை விடிகாலை நடைக்குக் கூப்பிட ஆரம்பித்தான். "வாங்கத்தான்" என்று மச்சினன் மரியாதையாகக் கூப்பிடும்போது மாப்பிள்ளை மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நடந்தார். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அமுதம் வாரம் தவறாமல் எனக்கு ஒரு எண்ணைச் சொல்வாள். நூற்று அறுபது. நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்திரண்டு. மேடையில் யார் என்ன சொன்னார்கள் என்பது அந்தத் தேர்தலில் என் காதில் விழவில்லை. எனக்கு இந்த எண்ணிக்கைதான்.

இங்கே வீடு காலியாக இருந்தது. ஒருத்திக்காக என்ன சமைப்பது? பழைய சோறு, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு துண்டு கருவாடு. எதிர்த்துப் பேச ஆளில்லாமல், டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்கு நானே பதில் சொன்னேன். அவள் ஒத்துக்கொண்டுவிடுவாள். அதில் சுவாரசியம் இல்லை.

சித்திரையில் இவர் பொறையாற்றில் ஓட்டுப் போட்டார். விரல் மையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். நான் பூவத்தில் போட்டேன், அனுப்பவில்லை.

முடிவு வந்தது. வடக்குக் கரையில் வாசலுக்கு மாத்திரை தருவதாகச் சொன்ன கட்சி தோற்றது. எங்கள் பக்கத்தில் சிவப்பு அட்டைக் கட்சி ஜெயித்தது. பத்து நாள் கழித்து லத்தீப் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, சேதி கேட்டீங்களா? மஞ்சள் அட்டைக்கும் உண்டாம். அறுபது தாண்டுன எல்லாருக்கும் மருந்து அட்டை."

"அப்படியா!"

"இந்தப் பக்கத்துப் பட்டியல்ல பேரு இருக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை."

லத்தீப் பாலம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றார் லத்தீப்.

"நீங்க சொல்லுங்க தம்பி. நீங்கதான் ஏழைங்க மேல இரக்கம் இல்லாதவர்."

வைகாசி முதல் வாரம் இவர் பெட்டியோடு திரும்பினார். ஆட்டோவில் அமுதமும் கூட வந்தாள். இவர் இளைத்திருந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதை மறைக்கிற அளவுக்குக் கோபமும் இருந்தது.

"ரெண்டு கரையும் சேர்ந்து கவுத்துட்டாங்க. போவட்டும். முதல்ல இலையப் போடு. இது என் வீடு. இங்க எனக்குக் கேக்க உரிமை இருக்கு."

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். வழக்கமாக வைக்கிற மாதிரியேதான். மூன்று மாதக் கனவோடு முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"என்னடி இது! உப்பளத்தையே கொட்டிட்டியா?"

அமுதம் சிரித்துவிட்டாள். நர்ஸாக இருந்தவளுக்கு மற்றதெல்லாம் அடக்கத் தெரியும். சிரிப்பை அடக்கத் தெரியாது.

"எதுக்குச் சிரிக்கிற?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லண்ணே. அண்ணிகிட்ட போன்ல அன்னைக்கே சொன்னேன், மூணு மாசத்துல நாக்கு திருந்திடும்னு."

இவர் கை இலையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அமுதத்தைப் பார்த்தார். எழுத்தர் அல்லவா, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. முறையாகப் போங்க என்றது. தட்டில் வைத்த மாத்திரை. விடிகாலை நடை.

"அப்ப நான் குடிபெயரல. நீ அனுப்பியிருக்க."

"ஆமாங்க."

"மாப்பிள்ளை மரியாதையையே எனக்கு எதிரா திருப்பிட்ட."

"வேற எதுக்கும் நீங்க கட்டுப்படலியே."

அமுதம் தன் பையிலிருந்து கருவியை எடுத்து இவர் கையில் கட்டினாள். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. இவர் அந்த எண்ணை நீண்ட நேரம் பார்த்தார். அப்பாவை நினைத்தாரோ என்னவோ. பிறகு கைப்பட்டையை அவிழ்த்து அமுதத்திடம் நீட்டினார்.

"இவளுக்குப் பாரு."

"எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல."

"கையை நீட்டு செல்லம்."

பார்த்தார்கள். நூற்று அறுபத்து நாலு. அமுதம் இன்னொரு முறை பார்த்தாள். அதேதான். ஊறுகாய் ஜாடி அடுக்களை மேடையில்தான் இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். ஜாடி காலி.

இவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். இலையை மடித்துவிட்டு எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "கிளம்பு, டாக்டர்கிட்ட" என்றார்.

இவருக்கு மாத்திரை பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார், பெயர் இன்னும் பொறையாற்றுப் பட்டியலில் இருக்கிறது. மருந்து அட்டை என் பெயருக்கு வந்தது; முழு மாத்திரை, இலவசம். எனக்கு வெயில் ஆகாது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை லத்தீப் கடை வாசலில் என் அட்டையோடு வரிசையில் நிற்பவர் இவர்தான்.