பாதி பங்குக்கு

சேசு, மரி, சூசை மூவரும் துணை.
(ஆட்டத்தன்று மூவரும் வரவில்லை.)

திரேஸ்புரம், தூத்துக்குடி.
3-10-1978

கல்கத்தாவில் இருக்கும் மதிப்புக்குரிய பவுல் மாமா அவர்களுக்கு, மருமகன் கிளாட்வின் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்லி அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். எழுதிவிட்டேன். இப்போது அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டதால் உண்மையை எழுதுகிறேன். இங்கே ஒருவரும் நலமில்லை. என் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. கோப்பை மதுரைக்கு ரயிலேறிவிட்டது, எனக்கு வரவிருந்த நிரந்தர வேலையும் அதே ரயிலில் போயிற்று. இவ்வளவுக்கும் காரணம் நீங்கள் எழுதிய ஒரு வரியும் நீங்கள் அனுப்பிய ஓர் ஆளும்.

முன்பு ஒரு கடிதத்தில் இரண்டு சங்கதி எழுதியிருந்தீர்கள். நிரந்தர வேலை இல்லாதவனுக்கு மெட்டில்டாவைக் கட்டிக்கொடுப்பதாக இல்லை என்பது ஒன்று. உங்கள் மகள், உங்கள் இஷ்டம், நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது, கல்கத்தாவில் பந்தாட்டக்காரனுக்குச் சம்பளத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால்தான் அவன் உயிரைக் கொடுத்து ஆடுகிறான் என்பது. அதை நான் புத்தி கெட்டுப்போய் எங்கள் முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். நாசரேத்து தேவபிரசாதத்தை உங்களுக்குத் தெரியும். புதுத்துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வைத்திருக்கிறார். பகலில் நான் அவரிடம் தினக்கூலிக்கு மூட்டை எண்ணும் கிளார்க், சாயங்காலம் அவர் அணிக்குக் கேப்டன். "கோப்பைய ஜெயிச்சுட்டு வா டே, அடுத்த நாளே உன்ன நெரந்தரம் ஆக்குதேன்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் வரியைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கேடு என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். "உங்க மாமாகிட்ட சொல்லி அப்படி ஒருத்தன அனுப்பச் சொல்லு டே" என்றார்.

நீங்கள் அனுப்பிய தனராஜ் வந்து இறங்கினான். பிறந்தது கோலார் தங்கவயல், ஆடியது கல்கத்தா. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வெந்நீர்ப் பை. நான் மூன்று மாதம் மூட்டை எண்ணினால் வருகிற காசு அவனுக்கு ஒரு மாதச் சம்பளம். முதல் நாள் பயிற்சியில் அவன் மைதானத்தைச் சுற்றி நடந்து, உப்புப் பூத்த மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்து, நெருஞ்சி முள்ளைப் பிடுங்கி எனக்குக் காட்டி, "இன்னா சார் இது, கிரவுண்டா, கசாப்புக் கடையா?" என்று கேட்டான். அப்புறம் உட்கார்ந்து முட்டியில் ஒரு ரப்பர் உறையை மாட்டினான். எங்கள் கோல்கீப்பர் ரோச்சை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காலையில் வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஆட வருகிறவன். அவன் குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, இது என்னது?" என்றான்.

"நீ-கேப்."

"இது நீ கேப்புன்னா, நான் கேப்பு எங்கன இருக்கு?"

அன்றிலிருந்து அந்த உறைக்குப் பெயர் 'நான் கேப்' என்று ஆகிவிட்டது.

உயிரைக் கொடுத்து ஆடுவான் என்று எழுதினீர்களே மாமா, அவன் மயிரைக்கூடக் கொடுக்கவில்லை. தலை கலைந்துவிடும் என்று பந்தைத் தலையால் முட்டவே மாட்டான். எதிராளி ஓடி வந்தால் தோணிக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்கி நிற்பான். பந்து தானாகக் காலடிக்கு வந்தால் மட்டும் அழகாக, மிக அழகாக, ஒரு தட்டுத் தட்டுவான். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "சம்பளம் வாங்குதீல்லா, ஓடுனா என்ன அண்ணாச்சி?"

அவன் கோபப்படவில்லை. "சம்பளம் வாங்கறதாலதான் சார் ஓடல. இந்த மண்ணுல உயுந்தா முட்டி பூடும். முட்டி பூட்டா உங்க மொதலாளி சோறு போடுவாரா? போன கிளப்புல முட்டி வீங்குன அன்னிக்கே பெட்டியத் தூக்கித் தெருவுல வெச்சாங்க. எனக்கு முப்பத்திரெண்டு வயசு. இந்தக் காலுக்கு இன்னும் மூணு வருஷம். அத உங்க கோப்பைக்காக இன்னிக்கே செலவு பண்ணணுமா?"

இதற்குப் பதில் உங்களுக்கு வந்தால் எழுதுங்கள். இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், பந்தாட்டக்காரனுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தால் ஊக்கம் வருமா என்று ஊரே உட்கார்ந்து பேசுகிறது, பேப்பர்க்காரன் கட்டுரை எழுதுகிறான், நீங்கள் கல்கத்தாவிலிருந்து தபால் போடுகிறீர்கள். முதலாளிக்குக் கூடுதல் லாபம் கொடுத்தால் ஊக்கம் வருமா என்று ஒரு நாயும் கேட்டதில்லை. கப்பல் வந்தாலும் அவருக்குக் கமிஷன், வராமல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தாலும் கமிஷன். அவர் எந்த முள்ளில் ஓடினார்?

முதலாளிக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். தனராஜ் ஓடவில்லை என்று சொன்னேன், சம்பளத்தைக் கூட்டினார். அவன் வெந்நீர் ஒத்தடத்தை ஒரு வேளையிலிருந்து இரண்டு வேளையாகக் கூட்டினான். "எங்களுக்கு?" என்று எங்கள் பையன்கள் முணுமுணுத்தார்கள். இவர்களுக்கு இதுவரை கிடைத்தது ஆட்டத்துக்கு ஒரு சோடாவும் இரண்டு வாழைப்பழமும். அரையிறுதி அன்று முதலாளி தாராளமாகி, "கோல் அடிக்கிறவனுக்குக் கோலுக்கு இருபது ரூவா" என்று அறிவித்தார். அந்த ஆட்டத்தைப் பார்க்க நீங்கள் கொடுத்துவைக்கவில்லை. ஒருத்தனும் ஒருத்தனுக்குப் பந்து கொடுக்கவில்லை. பின்வரிசை பேக்குகள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். முன்வரிசையில் ஆடுகிற நம் வளன் கோலுக்கு நேராகப் பந்தோடு போனான், பின்னாலிருந்து காலை வாரிப் பந்தைப் பிடுங்கியது எதிரணிக்காரன் இல்லை, எங்கள் ஆள். ரெஃபரிக்கு யாருக்கு ஃபவுல் கொடுப்பது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ரோச் கோலை விட்டுவிட்டு என் பக்கத்தில் ஓடிவருகிறான். "ஏலே, கோல்ல யாருலே நிக்கா?" என்றேன். "புடிக்கதுக்குத் துட்டு இல்லல்லா, அடிக்கதுக்குத்தான துட்டு? நான் அங்கன நின்னு என்னத்துக்கு?" எங்கள் கோலில் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றது. எதிரணி சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனதால் ஆறுக்கு ஐந்து என்று ஜெயித்தோம். தனராஜ் நடந்துகொண்டே ஒன்று அடித்தான். இருபது ரூபாயை வாங்கி மடித்து அந்த உறைக்குள் சொருகிக்கொண்டான்.

இனி இறுதி ஆட்டம். மதுரை மில் அணி. டிக்கெட் போட்டு வசூல். அன்று காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஊர்ல எனக்கு ஒரு நல்ல பேரு வேணும் டே. வசூல்ல பாதிய உங்க கோயிலுக்குக் குடுத்துருவோம், கூரை ஒழுகுதாமே. மைக்குல உங்க வழக்கத்துலயே சொல்லணும். ஒரு கோயிலுக்குச் சேர்ந்த சனத்த எங்க சபையில சேகரம்னு சொல்லுவோம். நீங்க என்ன சொல்லுவீங்க?" என்றார். "பங்குன்னு சொல்லுவோம் ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல? பங்கு, பங்குச்சாமி, பங்குக் கோயில். அவர் மைக்கைப் பிடித்து, கழுத்தை நீட்டி, ஊரே கேட்க முழங்கினார்: "இன்றைய வசூலில் பாதி பங்குக்கு!"

மாமா, அதற்குப் பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. பதினோரு பேரில் தனராஜையும் என்னையும் விட்டால் மற்ற ஒன்பது பேரும் பேய் பிடித்த மாதிரி ஆடினார்கள். ஒருத்தன் தவறவிட்டால் இன்னொருத்தன் ஓடிவந்து தாங்கினான். வளன் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு தானே அடிக்காமல் பக்கத்தில் நின்றவனுக்குத் தள்ளிக் கொடுத்தான். ரோச் முள்ளின் மேல் விழுந்து பந்தைப் பிடித்துவிட்டு எழுந்து சிரித்தான். இடைவேளைக்குள் இரண்டு கோல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் தூங்குகிற பயல்களுக்குக் கோயில் கூரை மேல் இவ்வளவு பக்தியா என்று நினைத்தேன். நிரந்தர உத்தரவை மடித்துப் பையில் வைக்கிற மாதிரி, மெட்டில்டாவுக்கு மோதிரத்துக்கு அளவெடுக்கிற மாதிரி எல்லாம் நினைத்தேன்.

இடைவேளையில் பங்குச்சாமி எலுமிச்சம்பழத் தண்ணீர் வாளியோடு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பிள்ளைகளே, பங்குக்காக இப்படி ஒழைக்கீகளே, கூரையில ஒவ்வொரு ஓட்டுலயும் ஒங்க பேரு இருக்கும்" என்றார்.

ரோச் குடித்த தண்ணீரைத் துப்பினான். "கூரையா? என்ன கூரை சாமி?"

"பாதி பங்குக்குன்னு மொதலாளி சொன்னாருல்லா."

"ஆமா. பாதி பங்குக்கு. பங்கு நாங்கல்லா!"

அப்போதுதான் எனக்கு மண்டையில் இடி விழுந்தது. நீங்கள் கரையை விட்டுப்போய்ப் பல வருஷம் ஆனாலும் இதை மறந்திருக்கமாட்டீர்கள். கடலில் கிடைக்கிற மீன்பாட்டில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், பாதி பங்குக்கு. பங்கு என்றால் வள்ளத்தில் ஏறியவர்கள். இந்த ஒன்பது பேரும் கடலுக்குப் போகிறவர்கள், வாழ்க்கையில் சம்பளம் என்று ஒன்று வாங்கியதே இல்லை. சலாபம் நடந்த காலத்தில் முத்துக் குளித்தவனுக்குச் சர்க்காரே சிப்பியில்தான் பங்கு கொடுத்தது. பாதி பங்குக்கு என்று கேட்டதும் முதலாளியை வள்ளம் என்று நினைத்தார்கள், தங்களை அதில் ஏறிய ஆள் என்று நினைத்தார்கள். அதனால்தான் அந்த ஓட்டம். கோல் காசுக்கு ஒருவனோடு ஒருவன் அடித்துக்கொண்டவன், பங்கு என்றதும் ஒரே வள்ளத்தில் வலை இழுக்கிற மாதிரி இழுத்தான்.

சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார். நான் முதலாளியிடம் ஓடினேன். "பங்கா? இவனுகளுக்கா? சோடா குடுத்தாச்சுல்லா?" என்றார். திரும்பி வந்து, "ஏலே, இன்னும் பாதி ஆட்டந்தாம்லே, கூரைய நினைச்சு ஓடுங்கலே" என்று கெஞ்சினேன். ரோச் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "நீ ஓடுலே. ஒனக்குத்தான நெரந்தரம். எங்களுக்கு என்ன, ஓட்டுல பேரா?"

ஓடினேன் மாமா. இரண்டாம் பாதி முழுவதும் நான் ஒருத்தன்தான் ஓடினேன். முன்னால் ஓடி, பின்னால் ஓடி, நானே உதைத்து நானே துரத்தி, கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். மில்காரன் மூன்று கோல் போட்டான். மூன்றாவதை ரோச் எழுந்து நின்று மரியாதையாக உள்ளே அனுப்பிவைத்தான். தனராஜ் முதல் பாதியில் எப்படி நடந்தானோ அப்படியே நடந்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவனுக்குப் பங்கு போன கவலையும் கிடையாது. கடைசியில் பந்து அவனுக்குத் தனியாகக் கிடைத்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அந்தக் கோல்கீப்பர் எருமை மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். தனராஜ் பந்தைப் பார்த்தான், அந்தக் காலைப் பார்த்தான், தன் முட்டியைப் பார்த்தான். பிறகு துள்ளி ஒதுங்கிவிட்டான். ரெஃபரி விசில் ஊதினார். எனக்கு அது கோயில் சாவு மணி மாதிரிக் கேட்டது.

அதனால் மாமா, சம்பளம் கொடுத்தால் உயிரைக் கொடுப்பான் என்று இனி யாருக்கும் தபாலில் எழுதாதீர்கள். சம்பளக்காரன் உயிரைக் கொடுக்கமாட்டான், காலைக் காப்பான். கொடுக்க வேண்டியது பங்கு. அதைக் கொடுக்க எந்த முதலாளியும் வரமாட்டான். தேவபிரசாதம் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? "இந்தப் பயலுகளுக்கு ஊக்கம் இல்ல டே" என்பதுதான். கூரை இன்னும் ஒழுகுகிறது, பாதி வசூல் சாமியார் கைக்கு இன்னும் வரவில்லை. காலை வைத்துக் காசு பார்க்கிற அந்தப் பிழைப்பு எனக்குப் பிச்சைக்குச் சமம். நான் சாகும்வரை மூட்டை எண்ணினாலும் எண்ணுவேன், ஒரு நாளும் சம்பளத்துக்குப் பந்தைத் தொடமாட்டேன். மெட்டில்டாவுக்கு வேறு இடம் பார்ப்பதானால் பாருங்கள். அத்தைக்கும் உங்களுக்கும் பனிமய மாதா சுகத்தைக் கொடுக்கட்டும், எனக்குப் புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கால் வீங்கிய மருமகன்,
கிளாட்வின்.

பி.கு: ஸ்டாம்ப் ஒட்டாமல் கடிதம் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. இதற்கிடையில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். தனராஜ் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். "கடைசி வரைக்கும் நீ ஒருத்தன்தான் டே ஓடுன. இனி நீ மூட்டை எண்ண வேண்டாம், ஆடுனாப் போதும். நெரந்தரம். அவன் சம்பளம் உனக்கு" என்றார். உத்தரவு கையில் இருக்கிறது. ஆகவே மேலே சம்பளத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். மெட்டில்டாவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டாம். இன்று பயிற்சியில் வளன் எனக்கு முன்னால் பந்தைத் தள்ளினான், எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் நடுவில் நெருஞ்சி கிடந்தது, நான் போகவில்லை. "என்னலே கேப்டன், நடக்கே?" என்று ரோச் கோலிலிருந்து கத்தினான். அவனுக்கு என்ன தெரியும். கல்கத்தாவில் நல்ல கடையாகப் பார்த்து, என் அளவுக்கு, அந்த 'நான் கேப்' ஒன்று உடனே வாங்கி அனுப்பவும். வெந்நீர்ப் பை தேவையில்லை, தனராஜ் தன்னுடையதை எனக்கு விட்டுப்போயிருக்கிறான்.