ஆணையரின் தட்டு

முன்னாள் காவல் ஆணையர் ஜோசையா ட்ரெவெனா அவர்களின் நினைவுப் பொருட்களையும் தாள்களையும் மாவட்டப் பாரம்பரியக் காப்பகம் முறைப்படி ஏற்றுக்கொள்ளும் விழா திங்கட்கிழமை முற்பகல் தேநீருடன் நடைபெறும் என்று போர்ட் டன்ஸ்டன் நூலக வாசலிலும் இறைச்சிக் கடைக் கண்ணாடியிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கடைசி வரி: ‘பெண்கள் ஒரு தட்டு கொண்டுவரவும்.’

அந்த ஊரில் தட்டு என்றால் தட்டு நிறையப் பலகாரம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வெறுந்தட்டோடு யாரும் வருவதில்லை. தட்டை விட்டுவிட்டும் யாரும் போவதில்லை. அடியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். விழா முடிந்ததும் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்து அவரவர் தட்டை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

ஐவி ட்ரெவெனா ஆணையருடைய பேரனின் விதவை. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஆணையரின் டிரங்குப் பெட்டி நடைவழியில் கிடந்தது. அதில் இடித்துக்கொள்ளாத கால்விரல் அவளிடம் இல்லை. உள்ளே ஒரு விசில், கைவிலங்கு, மீசை சீப்பு, காய்ந்த மெழுகு, கட்டுக் கட்டாகக் கடிதங்கள். காப்பகம் கேட்டபோது அவள் ஒரு மரியாதைக்காகக்கூட யோசிக்கவில்லை.

தட்டுதான் சிக்கல். வீட்டிலிருந்த தட்டுகள் எல்லாமே விளிம்பு உடைந்தவை. ஆணையர் குடும்பம் உடைந்த தட்டோடு போகலாமா? பக்கத்து வீட்டு வில்மா பென்ரோஸிடம் கேட்டாள்.

“நீலக்கரைத் தட்டா கேக்குற?” என்றாள் வில்மா. “அது என் ராசித் தட்டுடி. சனிக்கிழமை கண்காட்சி கேக் போட்டிக்கு என் ஸ்பாஞ்ச் கேக் அதுலதான் போகணும். அது இல்லாம நான் ஒரு தடவைகூடப் பரிசு வாங்கினதில்ல.”

“திங்கக்கிழமை சாயங்காலமே கொண்டாந்துடறேன்.”

“வரலன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். வேலிக்கு மேல பேசறது, சூப்பு குடுக்கறது எல்லாம் அதோட சரி.”

சொன்னால் செய்கிறவள் வில்மா. தன் தங்கையோடு ஒரு ஜாம் பாட்டிலுக்காகப் பேச்சை நிறுத்தியவள், இன்னும் பேசவில்லை. ஐவிக்கு அந்த ஊரில் வேறு பேச்சுத்துணை கிடையாது.

தட்டுக்கு அடியில் ‘வில்மா பென்ரோஸ்’ என்று பிளாஸ்திரி இருந்தது. இரவல் தட்டு என்று நாலு பேர் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாதே என்று ஐவி அதன்மேல் இன்னொரு பிளாஸ்திரியை ஒட்டி ‘ட்ரெவெனா’ என்று எழுதினாள். சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்குகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

விழா சிறப்பாக நடந்தது. நகரசபைத் தலைவர் பேசினார். லாமிங்டன் தீர்ந்தது. தட்டைக் காணோம்.

மறுநாள் தட்டைத் தேடிக் காப்பகத்துக்குப் போனவளைக் காப்பாளர் கீரன் ஹென்ஷா தன் அறையில் உட்காரவைத்தார்.

“தட்டு பத்திரமா இருக்கும்மா. எண் குடுத்தாச்சு.”

“எண் எதுக்கு தம்பி? அது நான் பலகாரம் கொண்டுவந்த தட்டு.”

“அடியில ட்ரெவெனான்னு இருக்கே. ஆணையர் பேரு ட்ரெவெனா.”

“என் பேரும் ட்ரெவெனாதான்.”

“நீங்க உயிரோட இருக்கீங்க. எங்க காப்பகம் இறந்தவங்க பொருளை மட்டுந்தான் வாங்கும். அதனால இது உங்களோடதா இருக்க வாய்ப்பே இல்ல.”

ஐவி நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டாள்.

“உங்கம்மா தட்டு கொண்டுபோனா அடியில பேரு ஒட்ட மாட்டாங்களா?”

“ஒட்டுவாங்க. ஆனா அது என் தனிப்பட்ட அனுபவம். நிறுவனத்துக்குத் தனிப்பட்ட அனுபவம் கிடையாது. அதோட தட்டுல தேங்காய்த் துகள் கிடைச்சிருக்கு. அதனால ஆணையர் தேங்காய் காய்க்கிற தென்கடல் தீவுகளுக்கு ரகசியப் பயணம் போயிருக்கார்னு தெரியுது. இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது.”

“லாமிங்டன் தம்பி அது. நீங்களே ரெண்டு தின்னீங்க.”

“தின்னதுக்கு ஆவணம் இல்லையே.”

“பிளாஸ்திரி போன மாசம் கடையில வாங்கினதுய்யா!”

“தெரியும்மா, சோதிச்சுட்டோம். யாரோ பக்தியோட புதுப்பிச்சிருக்காங்க.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “டிரங்குப் பெட்டியைத்தான் திருப்பி அனுப்பவேண்டியிருக்கு. விசில்ல பேரு இல்ல, விலங்குல பேரு இல்ல. கடிதத்துல எல்லாம் ‘ஜோ’ன்னுதான் கையெழுத்து. ஊருல எத்தனையோ ஜோ இருக்கலாம். சான்று உள்ள ஒரே பொருள் தட்டுதான்.”

அன்று மாலையே பெட்டி நடைவழிக்குத் திரும்பிவிட்டது. ஐவி இடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை கடைசி முயற்சியாக உண்மையைச் சொன்னாள். “மேல இருக்கிற பிளாஸ்திரியை உரிச்சுப் பாருங்க. அடியில தட்டுக்குச் சொந்தக்காரி பேரு இருக்கு.”

ஹென்ஷா கையுறை மாட்டிக்கொண்டார். காப்பகத்தின் ஒரே கருவியான தேநீர்க் கெட்டிலைக் கொதிக்கவைத்து ஆவியில் காட்டினார். பிளாஸ்திரி சுருண்டு எழுந்தது. அடியில் இருந்ததைப் படித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“வில்மா பென்ரோஸ்,” என்றார். “ஆணையரோட பேருக்கு அடியில ஒரு பொண்ணு பேரு. மறைச்சு வெச்சிருக்காங்க.”

“நான்தான் மறைச்சேன்!”

“குடும்பம் மறைக்கத்தான் செய்யும்மா. உங்களைக் குத்தம் சொல்லல.”

அந்த வருடம் எல்லாக் காப்பகங்களிலும் மறைக்கப்பட்ட பெண்களின் குரலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போர்ட் டன்ஸ்டனுக்கு மட்டும் அதுவரை ஒருத்திகூடக் கிடைக்கவில்லை.

திங்கள் முதல் சாக்குச் சொல்லிச் சமாளித்துவந்த ஐவி வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் வில்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வில்மா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நேராகக் காப்பகத்துக்கு நடந்தாள். ஐவி பின்னால் ஓடினாள்.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. கருநீல வெல்வெட்டின்மேல் தட்டு சாய்ந்திருந்தது. அதற்கென்று தனி விளக்கு. கீழே பொன்னெழுத்தில்: ‘வில்மா பென்ரோஸ். ஆணையர் ட்ரெவெனாவின் வாழ்வில் வரலாறு மறைத்த பெண்.’

ஹென்ஷா வந்தார். “நீங்க?”

“வில்மா பென்ரோஸ்.”

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார்.

“சொல்லுடி,” என்று ஐவி முழங்கையால் இடித்தாள். “அந்த ஆளு செத்து முப்பது வருஷம் கழிச்சுத்தான் நீ பொறந்தன்னு சொல்லு. தட்டைக் கேளு.”

வில்மா கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தாள். பக்கத்தில் மாட்டியிருந்த ஆணையரின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மீசை நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

“பிறந்த வருஷம்...” என்று ஹென்ஷா தயங்கினார்.

“பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியா இது?”

‘பிறந்த ஆண்டு: வெளியிட மறுப்பு. துயரம் இன்னும் ஆறவில்லை’ என்று அவர் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை கண்காட்சியில் வில்மாவின் ஸ்பாஞ்ச் கேக் ஒரு அட்டைத் தட்டில் வந்தது. நடுவில் குழி விழுந்திருந்தது. நடுவர்கள் மூவரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இத்தனை காலம் ஆணையரை மனதில் சுமந்தவள் கையில் கேக் எப்படி எழும்பும் என்று ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் தலையசைத்தார்கள். முதல் பரிசு அதற்கே.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஐவியிடம் வந்தார். “ஆணையர் குடும்பம் இதை ஏத்துக்குதா?”

ஐவி மேடையைப் பார்த்தாள். கழுத்தில் முதல் பரிசின் நீல ரிப்பனோடு வில்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜாம் பாட்டிலைப் பார்த்த அதே பார்வை.

“எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தாங்க,” என்றாள் ஐவி. “பெரியவர் சாகற வரைக்கும் அவ பேரத்தான் சொல்லிட்டிருந்தாராம்.”

கூட்டம் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வில்மா மேடையிலிருந்து இறங்கிவந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“என்மேல கோவம் இல்லையே, வில்மா?”

“கோவமெல்லாம் இல்ல. ஆனா பேரு சொல்லிக் கூப்பிடறத இனிமே நிறுத்திக்கோ,” என்றாள் வில்மா. “உன் புருஷனோட தாத்தாவுக்கு நான் வேண்டியவள்னா, உனக்கு நான் என்ன முறை?”

ஐவி யோசித்துப் பார்த்தாள்.

“பாட்டி,” என்றாள்.

“எழுந்திரு. பாட்டிக்கு டீ எடுத்துட்டு வா. சர்க்கரை ரெண்டு.”

ஐவி எழுந்து போனாள். வரிசையில் நின்றவர்கள், ஆணையர் குடும்பம் என்று விலகி அவளுக்கு வழிவிட்டார்கள்.