மாமாவின் இதயமும் தெருவார் ஜரிகையும்

பெரிய காஞ்சிபுரம்,
ஞாயிறு

மரியாதைக்குரிய மச்சான் உதயகுமாருக்கு, உங்கள் தங்கை கீர்த்தியின் கணவன் சிவபாலன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே யார் நலம் என்பதற்கு இன்னும் ரிப்போர்ட் வரவில்லை. போனில் பேசினால் மாமா, அதாவது உங்கள் அப்பா, ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், ஆகவே கடிதம்.

கீர்த்தி கண்மூடிய மறுமாதம் மாமாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. இப்போது படபடப்பு. இதயத்தில் தழும்பு எங்கே என்று பார்த்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம் என்கிறார் டாக்டர். தொடை வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் அனுப்பி, துளி மின்சாரம் விட்டு, இம்பீடன்ஸ், அதாவது தசை அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்கள். நல்ல தசையில் எண் அதிகம், தழும்பில் குறைவு. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன் நான், மாமாவுக்குப் புரியட்டும் என்று ஒரு பூசணிக்காயை ஒரு பக்கம் காய்ச்சிய கரண்டியால் சுட்டு, மீட்டரை வைத்துக் காட்டினேன். சுட்ட இடத்தில் எண் இறங்கியது. ஹார்ட் அட்டாக் வந்த காயைப் பிரதோஷத்து சாம்பாரில் போடமாட்டேன் என்று அத்தை அதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். தன் நெஞ்சிலும் வைக்கச் சொன்னார் மாமா, மேலே வைத்தால் ஒன்றும் தெரியாது என்றாலும் கேட்கவில்லை, வைத்தேன், எண் கிட்டத்தட்ட பூஜ்யம், அதன்படி நெஞ்சு முழுக்கத் தழும்பு, கிட்டே போய்ப் பார்த்தால் வெட்கத்தில் அங்கவஸ்திரத்தை இழுத்து மூடியிருக்கிறார், இரண்டு கிளிப்பும் ஜரிகையைத் தொட்டுக்கினு இருக்குது.

"பாத்தியா மாப்ள, என் ஜரிகை சுத்த வெள்ளிபா" என்றார்.

மறுநாள் காலை தங்கள் ஜரிகையையும் சோதிக்கச் சொல்லி வாசலில் பதினோரு பேர், கையில் கல்யாணப் புடவையோடு. செம்பு கலந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எதிர்வீட்டு அம்சாவின் புடவைக்கு மீட்டர் அசையவேயில்லை. பிளாஸ்டிக் ஜரிகை, மாமியார் எடுத்துக் கொடுத்தது.

"இந்த மிஷினை அந்தம்மா நெஞ்சுல வைபா, உள்ள ஏதாவது ஓடுதான்னு பாப்போம்" என்றாள் அம்சா.

அந்தக் களேபரத்தில் முதல் அப்பாயின்ட்மென்ட் போயிற்று. இரண்டாவதற்கு வண்டி வந்து நின்றது. ஊரில் தேர், வழியடைப்பு. மூன்றாவதற்கு மழை வரும்போல் இருந்தது. உங்கள் அப்பாவின் பிடிவாதம் தெரிந்ததுதானே. வருகிற வியாழன் நாலாவது. நீங்கள் நேரில் வந்து நாலு வார்த்தை திட்டினால்தான் நகர்வார்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. குழந்தைகளுக்கு ஏகாம்பரநாதர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சிவபாலன்

பின்குறிப்பு: மாமா இதை வாங்கிப் படித்துவிட்டார். "நான் எப்ப மாப்ள வரமாட்டேன்னேன்? மூணு தபாவும் சட்டை போட்டுக்கினு வண்டியில ஏறி உக்காந்தேன். எறக்கி உட்டது நீதானே?" என்கிறார். உண்மைதான். ஜரிகைக் கூட்டம் எட்டு மணிக்கே கலைந்துவிட்டது. தேர் இல்லை. மழையும் இல்லை. கீர்த்தியைக் கடைசியாகக் கூட்டிப்போனதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அவரைத் திட்ட வேண்டாம். வியாழன் காலை ஆறு மணிக்கு வந்து, என்னை வண்டிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்துங்கள். மாமா தானாகவே ஏறிவிடுவார்.