பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன மரண அறிவித்தல்

என் மரணத்தை அச்சடிக்கக் கொடுத்தது நான்தான். பிழை பார்த்து, "எல்லாம் சரி, அடியுங்கோ" என்று சொன்னதும் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லான்ட்மாஸ்டர் வண்டியில் மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவனிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அக்கா செத்த அன்று எங்கள் வீட்டில் எழும்பி நடக்கிற நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் அண்ணை சிவக்குமார் முன்பே போய்விட்டார். அச்சகக்காரர் கேட்டார்: "தம்பி, அண்ணையின்ரை பேருக்குப் பக்கத்திலை அடைப்புக்குறி போட்டு 'காலஞ்சென்றவர்' எண்டு போடட்டோ?"

"வேண்டாம். அண்ணைக்கு வேலி அடைக்காதேங்கோ. முன்னாலை மரியாதையாய்ப் போடுங்கோ."

(இப்போது பாருங்கள், வசனத்துக்கு வசனம் வேலி அடைக்கிறேன்.)

அண்ணை மூத்தவர், அவர் முதல்; நான் பின்னால். அக்கா யாருடைய சகோதரி என்ற இடத்தில் இப்படி விழுந்தது: 'காலஞ்சென்ற சிவக்குமார், தவக்குமார் ஆகியோரின் பாசமிகு சகோதரியும்...'

தவக்குமார் நான்தான்.

கோப்பாயிலிருந்து அக்கா வாழ்ந்த பண்டத்தரிப்பு வரைக்கும் லைற் கம்பங்களில் அந்த நோட்டீசு தொங்கியது. நான்தான் பசை பூசி ஒட்டினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. செத்தவீட்டு நோட்டீசில் படத்தையும் நேரத்தையும் தவிர வேறு எதை யார் பார்க்கிறார்கள்?

அக்காவுக்கு ஒரு மகள், மதுரா. எட்டு வயது. ஓட்டிசம். தானாகச் சொல் சேர்த்துக் கதைக்கமாட்டாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள், பஸ் கொண்டக்டரின் குரலில், றேடியோ விளம்பரத்தின் குரலில். அக்கா போன பிறகு அதுவும் நின்றுவிட்டது. தகப்பன் வெளிநாடு போனவர், போனதோடு சரி. ஆகவே பிள்ளையைக் கோப்பாய்க்குக் கூட்டிவந்தோம்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்கு விசேட கல்வி அலகு ஒன்று இருந்தது. அங்கே சொன்னார்கள்: "பழைய பள்ளிக்கூடத்திலை விடுகைப் பத்திரமும், பிள்ளையைப் பற்றி எழுதி வைச்ச விசேட கல்விக் கோவையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ளை வராட்டி சாதாரண வகுப்பிலைதான் இருத்தவேண்டி வரும்."

சாதாரண வகுப்பு என்றால் சந்தை இரைச்சல். மதுரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். பிறகு அவளை வெளியே எடுக்கத் தெரிந்தவ அக்கா ஒருத்திதான்.

பழைய பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். கந்தோரில் இருந்த கிளாக்கர், "உறவுமுறைக்கு ஆதாரம் ஒண்டு கொண்டாரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் யோசித்தேன். எங்கள் உறவுமுறை முழுவதையும் அச்சில், படத்தோடு சொல்லுகிற பேப்பர் எது? (பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.) மிஞ்சிக் கிடந்த நோட்டீசில் ஊத்தை படாத ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, மதுராவையும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க 'விடுகைப் பத்திரம், விடுகைப் பத்திரம்' என்று பாடமாக்கினேன்.

"ஐயா, விடுதலைப் பத்திரம் எடுக்க வந்தனான்."

கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்குத் தம்பி விடுதலை? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாருமன். சரி, உதென்ன கையிலை, பாய் மாதிரி?"

விரித்தேன். மேசை முழுக்க அக்கா. நாலு மூலைக்கும் பசைப் போத்தல், ஸ்ரேப்ளர், அவருடைய சாப்பாட்டுப் பெட்டி, கண்ணாடிக் கூடு. பறக்கப் போகுதென்று ஃபானையும் நிற்பாட்டினார். அவர் வாசிக்க முதல் முத்திரை குத்துகிற ரகம். டக்கென்று 'கிடைத்தது' என்று அக்காவின் மாலைக்குக் கீழே ஒரு குத்து. பிறகுதான் வாசித்தார்.

மரண அறிவித்தலைச் சாதாரணக் குரலில் வாசிக்க எங்கள் பக்கத்தில் ஒருவராலும் முடியாது. கிளாக்கரின் குரலும் தானாக இறங்கி, றேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிறவரின் குரலாகிவிட்டது. கந்தோரில் நின்ற தாய் தகப்பன்மார் கதையை நிற்பாட்டினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நானும் தலை குனிந்து நின்றேன். (எனக்கு நானே அஞ்சலி.)

"காலஞ்சென்ற சிவக்குமார், தவக்குமார் ஆகியோரின்..." நிற்பாட்டினார். "தம்பி, நீர் ஆர்?"

"தவக்குமார், ஐயா."

"இந்தத் தவக்குமாரோ?"

"ஓம்."

"நீர் செத்துப்போனீர்."

"ஐயா, உங்களுக்கு முன்னாலை நிக்கிறன்."

"நிக்கிறது எனக்குத் தெரியுது. கணக்குப் பாக்க வாற ஓடிற்காரருக்குத் தெரியுமோ? செத்த ஆளிட்டை ஏன் பிள்ளையின்ரை கோவையைக் குடுத்தனீர் எண்டு என்னையெல்லோ கேப்பாங்கள்."

"அப்ப அதைத் தாங்கோ, நான் வேறை ஏதும் கொண்டுவாறன்."

"முத்திரை குத்தியாச்சு. இனி அது கந்தோரின்ரை."

அந்த நேரம் அலுமாரிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கிளாக்கரின் அதே றேடியோக் குரல், ஆனால் சின்னதாக.

"காலஞ்சென்ற மாமா."

மதுரா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலஞ்சென்ற மாமா."

அக்கா போன பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான். பக்கத்து அறையிலிருந்து அவளுடைய பழைய ரீச்சர் ஓடிவந்தா.

"மதுவோ கதைச்சது? ஐயா, நீங்கள் இப்ப 'மாமா' எண்டு ஏதும் வாசிச்சனீங்களோ?"

"நான் ஏன் ரீச்சர் மாமா எண்டு வாசிக்கிறன்? அதிலை சகோதரி எண்டுதான் கிடக்கு."

"அப்ப பிள்ளை தானாய்ச் சேர்த்தது! இவ்வளவு நாளும் ரெண்டு சொல்லைத் தானாய்ச் சேர்த்ததில்லை." ரீச்சரின் கண் கலங்கிவிட்டது. "இதைவிட என்ன ஐயா உறவுமுறைக்கு ஆதாரம்? பிள்ளையே மாமா எண்டு சொல்லுது."

கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அது சரி ரீச்சர். காலஞ்சென்ற எண்டும் சொல்லுதே."

கடைசியில் பிறப்புச் சான்றிதழ்களோடு, நான் உயிரோடு இருப்பதற்கும் கிராம சேவையாளரிடம் ஒரு கடிதம் வேண்டுமென்றானது. பென்சன் எடுக்கிற கிழவர்களுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன். கிராம சேவையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, மூச்சை ஒருக்கா இழுத்து விடும் பாப்பம்" என்றார். விட்டேன். கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை கோவை என் கையில். ரீச்சர் கடைசித் தாளில் எழுதியிருந்தா: 'பிள்ளை முதன்முறையாக இரு சொற்களைத் தானாக இணைத்துக் கூறினாள்: காலஞ்சென்ற மாமா.' புதிய பள்ளிக்கூடத்தில் அதை வாசித்தவ நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டா: "அது நீங்களோ?"

"ஓம், நான்தான் அந்த ஆள்."

அன்றே மதுராவை விசேட அலகில் இருத்தினார்கள்.

இப்போது அவள் இன்னும் கொஞ்சம் கதைக்கிறாள். எனக்கு அவள் வைத்த பெயர் மட்டும் மாறவில்லை. சந்தையில் வெங்காயம் ஏற்றுகிறவர்கள்கூட, "காலஞ்சென்றவர் வாறார், வழி விடுங்கோ" என்கிறார்கள். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கு முன்னாலும் மதுரா படலையில் நின்று கூப்பிட்டாள். அவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாவுக்குப் பயம். "அபசகுனமாய் வாய் வைக்காதை பிள்ளை, வெறும் மாமா எண்டு கூப்பிடு" என்று கெஞ்சிப் பார்த்தா. நான்தான் திருத்த வேண்டாமென்று மறித்தேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் அந்த நோட்டீசில் காலஞ்சென்றவர்கள்தான். அண்ணையை நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அக்காவை மதுரா மனதுக்குள் எப்படிக் கூப்பிட்டாளோ, யாருக்குத் தெரியும். கூப்பிட்டவுடன் "ஓம், வாறன்" என்று எழும்பிப் போகிற காலஞ்சென்றவன் நான் ஒருவன்தான்.