விவசாயியே இல்லாத ஊர்

முன்னேறிவிட்ட மனிதர் என்று ஓர் இனம் உண்டு. முழங்கால்வரை சேற்றில் நிற்கும். பேச்சு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். இவர்களை அடையாளம் காணப் பட்டதாரிக்கு ஒரு மாதம் ஆகலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, வாடகைப் படகில் தொடங்கி, இன்று இரண்டு நெல் ஆலைக்கு முதலாளியாக இருக்கும் எனக்கு ஒரே பார்வை போதும்.

எங்கள் பலாஷ்டாங்காவில் இந்த இனத்துக்குத் தலைவர் ஹஷ்மத் மொல்லா. ஐந்து பீகா நெல் வயல். டீக்கடையை ஒட்டி, மொபைல் ரீசார்ஜ் செய்ய ஒரு தகரப் பெட்டிக்கடை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வயலில் பத்து மணி நேரம், நாற்காலியில் அரை மணி நேரம். உலகத்தை அவர் அளப்பது அந்த அரை மணியை வைத்துத்தான். மண்ணைக் கிண்டுகிற நாடு ஏழை, மெஷின் ஓட்டுகிற நாடு நடுத்தரம், உட்கார்ந்த இடத்திலிருந்து வேலை சொல்கிற நாடு பணக்கார நாடு என்று டிவியில் சொன்னார்களாம். நாடே படியேறும்போது தான் மட்டும் கீழே நிற்கலாமா? அதனால்தான் அவர் வீட்டில் இலிஷ் மீனின் தலை, காஜிப்பூர் தையல் ஆலையில் இருக்கும் மூத்த மருமகனுக்கு. வால், கத்தரிக்காய் பயிரிடும் இளைய மருமகனுக்கு.

ஐப்பசியில், யார் யாருக்கு என்ன தொழில் என்று அரசாங்கத்துக்காகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பெயர் ஷெஃபாலி.

"சாச்சா, என்ன தொழில்?"

"தகவல் தொடர்பும்மா."

"கால்ல இவ்வளவு சேறு?"

"காலாற நடந்துட்டு வந்தேன்."

உள்ளேயிருந்து மனைவி ஜரீனா குரல் கொடுத்தாள். "அப்ப நான் நாத்தங்காலுக்குப் போறது காத்து வாங்கவா?"

"நீ நிர்வாகம். சும்மா இரு."

டீக்கடைக்கு இது எட்டாமல் போகுமா? மாட்டு வண்டிக்காரர் 'போக்குவரத்து' ஆனார். குளத்தில் மீன் வளர்ப்பவர் 'உணவுத் தொழில்' ஆனார். வாழ்நாளெல்லாம் சணல் அறுத்த கொரீம் பாய், எதுவும் தோன்றாமல், "நானும் ஹஷ்மத் என்னவோ அதேதான், எழுதிக்கோ" என்றார். பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒரு விவசாயி மிச்சமில்லை.

தை பிறந்தது. நட்ட நாற்று மஞ்சள் தட்டியது. அந்தக் கணக்கைப் பார்த்து அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் யூரியா, "நாங்க உழவங்கதான்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்ன பக்கத்து ஊருக்குத் தலைக்கு இரண்டு மூட்டையாகப் போயிற்று. பலாஷ்டாங்காவுக்கு ஒரு பிடி கிடையாது. கடையிலும் சரக்கில்லை. இந்தப் போகம் போனால் வருஷம் முழுக்க அரிசியை வெளியில்தான் வாங்க வேண்டும்.

"அந்த நாற்காலியக் கொண்டுபோய் வயல்ல நடு. கதிர் விடுதான்னு பாப்போம்," என்றாள் ஜரீனா.

வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடினார் ஹஷ்மத். அதிகாரி பட்டியலைப் புரட்டினார்.

"தகவல் தொடர்புக்கு எதுக்குங்க யூரியா?"

"வயலு மஞ்சளாப் போச்சு சார்."

"எந்த வயலு? விவசாயத்தை விட்டு முன்னேறின ஊருன்னு உங்க ஊரைப் பத்தி மேலிடத்துக்கு எழுதியாச்சே!"

வயல் மஞ்சளடித்துக் கிடக்கிறது. ஆனாலும் ஒரு கணம் ஹஷ்மத்தின் நெஞ்சு நிமிர்ந்தது பாருங்கள்! அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா என்றுகூடக் கேட்டுவிட்டார்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "தொழில்னு இருக்கற இடத்துல உழவர்னு எழுதுங்க. மூணு நாள்ல மூட்டை வந்துடும்."

பேனா அந்தரத்தில் நின்றது.

"சார், 'நெல் உற்பத்தி மேலாளர்'னு போட்டா?"

"மேலாளருக்கு மூட்டை கிடையாது."

ஹஷ்மத் சுற்றும் முற்றும் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர் கொரீம் பாய். தாளை நெஞ்சோடு இழுத்து, இடது கையால் மூடிக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பையன் பரீட்சை எழுதுவதுபோல 'உழவர்' என்று எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் வயல் பச்சை பிடித்தது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் சம்பந்தம் பேசப் போன வீட்டில், "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நீளமான பெயர் சொன்னீர்களே, அந்த வேலையை வாய்விட்டுச் சொன்னால் என்னவாம்? என்னிடம் மறைக்காதீர்கள். இடது கையை எடுங்கள், பார்ப்போம்.